‘லைஃப் டைம் வாரண்டி’ யாருடைய ஆயுளுக்கு?

கேள்வி: தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டுக்காரர் கொப்பரை வியாபாரம். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் பழைய கார் விற்கும் ஷோரூம் ஒன்றில் 2021 மாடல் டீசல் வண்டி பார்த்திருக்கிறோம். ஏழு பேர் உட்காரலாம், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விலை 9,40,000 ரூபாய். அதோடு 32,000 ரூபாய் கட்டினால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ‘லைஃப் டைம் வாரண்டி’ என்கிறார்கள். “வண்டி இருக்கிற வரைக்கும் எங்க பொறுப்புங்க” என்று விற்பனைப் பையன் அடித்துச் சொல்கிறான். நிபந்தனைகள் அச்சிட்ட நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மாதம் சுமார் 1,700 கிலோமீட்டர் ஓட்டுவோம். சில நாள் கொப்பரை மூட்டையும் ஏறும். வீட்டுக்காரருக்கு இந்த வாரண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. மாமனாரோ, “போர்வெல் மோட்டாருக்கே வருஷம் ஒண்ணுதான் குடுக்கறான், காருக்கு ஆயுசு பூராவும் எப்படிக் குடுப்பான்?” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

டீச்சருங்க, வணக்கம். மாமனார் பக்கம்தான் நான். ஆனால் அவர் சொன்ன காரணத்தை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால்தான் உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல முடியும்.

மோட்டார் வாரண்டி எப்படி வேலை செய்யும் என்று தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோகிறது. குழாயைக் கழற்றி, மோட்டாரை மேலே தூக்கி, வண்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, “உங்க லைன்ல வோல்டேஜ் எவ்வளவுங்க?” அத்தோடு கதை முடிந்தது. வோல்டேஜ் குறைந்து எரிந்தால் வாரண்டி கிடையாது. கோடையில் நம் தோட்டத்து லைனில் வோல்டேஜ் குறையாத நாளும் கிடையாது. ஒரு பொருள் எந்த வழியில் கெட்டுப்போகுமோ அந்த வழியை விலக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்கு உறுதி கொடுப்பது பழைய வித்தை. அதனால் எந்த வாரண்டிக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை. எதற்கெல்லாம் கிடையாது என்று எழுதியிருக்கிற கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இதை நான் கெட்டிக்காரத்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு புதுக் கார் ஷோரூமில் பதினோரு வருடம் வாரண்டி மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிற கிளைம்களில் எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று பார்ப்பதுதான் வேலை. மறுப்பதற்குக் காரணம் தேடிச் சம்பளம் வாங்கியவன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அந்தக் கண்ணோடு உங்கள் நோட்டீஸைப் படித்தேன். பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிடலாம். சின்ன எழுத்தில் மூன்றாவது வரி என்ன சொல்கிறது என்று கவனித்தீர்களா? ‘லைஃப் டைம் என்பது, நிறுவனத்தால் நிர்ணயிக்கப்படும், அந்தந்தப் பாகத்தின் இயல்பான பயன்பாட்டுக் காலம்.’ பையன் சொன்னது ‘வண்டி இருக்கிற வரைக்கும்’. காகிதம் சொல்வது ‘பாகம் உழைக்கிற வரைக்கும்’. ஒரு பாகம் உடைந்து நீங்கள் போய் நின்றால், “அதோட ஆயுசு இன்னிக்கோட முடிஞ்சுதுங்க” என்று அவர்கள் சொல்ல இந்த ஒரு வரி போதும். உடைந்த நாளே ஆயுள் முடிந்த நாள் என்றால், வாரண்டி என்றைக்குமே தேவைப்படாது. வேடிக்கையாகத் தெரியலாம். எழுதியவர் வேடிக்கைக்கு எழுதவில்லை.

‘லைஃப் டைம்’ என்ற சொல்லே பித்தலாட்டம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2025-ல் டாடா மோட்டார்ஸ் ஹாரியர் மின்சாரக் காரின் பேட்டரிக்கு லைஃப் டைம் வாரண்டி அறிவித்தபோது, முதல் உரிமையாளருக்கு, முதல் பதிவுத் தேதியிலிருந்து 15 வருடம் என்று அதற்கு விளக்கம் கொடுத்தது. நம் ஊரில் சொந்தக் காருக்கு ஆர்.சி. செல்லுபடியாகும் காலமும் அதே 15 வருடம்தான். அதற்கு முந்தின வருடம் வந்த எம்.ஜி. விண்ட்சரின் பேட்டரிக்கும் முதல் உரிமையாளருக்குத்தான் லைஃப் டைம். கை மாறினால் சலுகை சுருங்கிவிடும். இந்தக் கணக்குகள் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் எத்தனை வருடம், யாருக்கு என்று எண்ணிப் பார்க்க முடிகிறது. பொறுப்பேற்பதும் வண்டியைச் செய்த கம்பெனி. உங்கள் நோட்டீஸில் எண்ணிப் பார்க்க ஒன்றுமே இல்லை. பொறுப்பேற்பது யார் என்பதும் தெளிவாக இல்லை.

எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது இந்த ‘யார்’தான்.

ஷோரூமில் ‘வாரண்டி’ என்று ஒரே சொல்லால் விற்கப்படுவது மூன்று வேறு வேறு சரக்கு. வண்டியைச் செய்த கம்பெனியே நீட்டித்துக் கொடுக்கும் வாரண்டி ஒன்று. அது சேசிஸ் நம்பரோடு கம்பெனிக் கணக்கில் பதிவாகும். உடுமலையில் நின்றாலும் ஓசூரில் நின்றாலும் அந்தக் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டருக்கும் போகலாம். அடுத்தது, தனியாக ஒரு வாரண்டி நிறுவனமோ இன்சூரன்ஸ் கம்பெனியோ பின்னால் நிற்பது. அதற்கு ஒரு பாலிசி நம்பரோ ஒப்பந்த நம்பரோ உண்டு. மூன்றாவது, டீலர் தன் லெட்டர் பேடில் தானே எழுதிக் கொடுப்பது. உங்களுடையது இந்த மூன்றாவது வகை என்றுதான் நோட்டீஸைப் பார்த்தால் தெரிகிறது. வேறு எந்தக் கம்பெனியின் பெயரும் அதில் இல்லை. சந்தேகம் இருந்தால், அந்த வண்டியைச் செய்த கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டு, சேசிஸ் நம்பரைச் சொல்லி, “இதுக்கு உங்க வாரண்டி ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?” என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

டீலர் தானே எழுதிக் கொடுக்கும் உறுதி, டீலர் இருக்கும் வரைக்கும்தான். ஆயுள் காப்பீடு விற்கும் கம்பெனி நாளைக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்காக நிதி ஒதுக்கி வைத்தே ஆகவேண்டும், பார்க்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று ஓர் ஆணையம் இருக்கிறது. உங்களிடம் 32,000 வாங்கும் ஷோரூம்காரர் அதில் ஒரு ரூபாயை ஒதுக்கி வைத்தாரா என்று கேட்க ஆளில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் கவிழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாதாமாதம் பணம், கோழியைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றெல்லாம் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. எழுதிக் கொடுத்தவரிடம்தான் பணம் இல்லை. உங்கள் ஷோரூம்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை என்கிறேன்.

அதற்கு வழி உண்டு. அவர்கள் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் 15 எழுத்து கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருக்கும். அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தட்டினால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, தனிநபர் தொழிலா, கூட்டா, பிரைவேட் லிமிடெடா என்பதெல்லாம் வந்துவிடும். ஜி.எஸ்.டி. வந்ததே 2017 ஜூலை 1-ல் என்பதால் அதற்கு முந்தின தேதி எதுவும் காட்டாது. பழைய கடைகளுக்கெல்லாம் அந்தத் தேதிதான் இருக்கும். போன வருடத் தேதி இருந்து, வாசலில் ‘முப்பது வருடப் பாரம்பரியம்’ என்று போர்டு தொங்கினால் ஏன் என்று கேளுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் பெரிய இடம், நம்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனிநபர் தொழில் என்றால் கடன் அவர் தலையிலேயே நிற்கும், கடையை மூடினாலும் விடாது. லிமிடெட் கம்பெனியை மூடிவிட்டு அதே கட்டடத்தில் வேறு பெயரில் திறந்தால், பழைய பெயரில் கொடுத்த வாரண்டியோடு நீங்கள் யாரைப் போய்க் கேட்பீர்கள்?

இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். அது ஐந்து வருடம் செல்லும். “அந்தச் சான்றைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேளுங்கள். சட்டம் கேட்கிற காகிதத்தையே வைத்திருக்காதவர், தானே எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பதினைந்து வருடம் மதிப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

இனி எதற்கெல்லாம் வாரண்டி என்பது. நோட்டீஸில் ‘இன்ஜின், கியர்பாக்ஸ் உள்பாகங்கள், எண்ணெயில் இயங்குபவை’ என்று இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. கிராங்க், பிஸ்டன், கனெக்டிங் ராடு, கேம் ஷாஃப்ட், பல்சக்கரங்கள். ஒழுங்காக எண்ணெய் மாற்றிய டீசல் இன்ஜினில் இவை லேசில் போகாதவை. உங்கள் வண்டி 2021 மாடல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் என்பதால் செலவு வைக்கிற இடமே வேறு. இன்ஜெக்டர், அதற்கு அழுத்தம் கொடுக்கும் பம்ப், டர்போ, புகையை வடிகட்டும் டி.பி.எஃப்., புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, அங்கங்கே சென்சார், எல்லாவற்றுக்கும் மேலே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. என் ஒர்க் ஷாப்புக்கு வருகிற இந்த வயது டீசல் வண்டிகளில் பெரிய பில் போடுவது இவைதான். இவற்றில் ஒன்றுகூட உங்கள் நோட்டீஸின் ‘உண்டு’ பக்கத்தில் இல்லை. டர்போவும் இன்ஜெக்டரும் எட்டாவது வரியில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கின்றன. கிளட்ச், ஆயில் சீல், கேஸ்கட் தேய்மானப் பாகம் என்று ஒன்பதாவது வரியில்.

அதற்கும் கீழே ‘தொடர் சேதம்’ என்று ஒரு வரி. நான் மேசையில் இருந்தபோது அதிகம் பயன்படுத்தியது இந்த ஆயுதத்தைத்தான். ஒரு ரேடியேட்டர் குழாய் வெடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாய், விலையும் அற்பம், தேய்மானப் பாகம், வாரண்டி இல்லை. கூலன்ட் போய் இன்ஜின் சூடேறி ஹெட் வளைந்துவிடுகிறது. ஹெட் இன்ஜின் பாகம்தானே, வாரண்டியில் வருமே என்றால், “வாரண்டி இல்லாத பாகத்தால் வந்த சேதம்” என்று எழுதி மூடிவிடலாம். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் பெல்ட் அறுந்து வால்வு வளைந்தாலும் இதே கதை. லங்கா கார்னர் பாலத்தடியில் மழைத் தண்ணீரில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கேட்கவே வேண்டாம். அதற்கு வாரண்டியும் உதவாது, சாதாரண இன்சூரன்ஸும் உதவாது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று தனியாகச் சேர்த்து வாங்கியிருந்தால்தான் உண்டு.

கொப்பரை மூட்டை விஷயத்தையும் மறக்க வேண்டாம். ‘வணிகப் பயன்பாடு, அதிக பாரம்’ என்று பன்னிரண்டாவது வரி. உங்கள் வண்டி வெள்ளை போர்டுதான், வாடகைக்கு விடப் போவதில்லைதான். ஆனால் பின் சீட்டை மடக்கிய இடத்தில் கொப்பரைத் தூளும் சாக்கு நாரும் கிடந்தால் சர்வீஸ் அட்வைசர் போட்டோ எடுத்து ஜாப் கார்டோடு சேர்த்துவிடுவார். நான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சர்வீஸ் நிபந்தனைக்கு வருகிறேன். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. அவர்கள் ஒர்க் ஷாப்பில் மட்டும். ஒன்று தவறினாலும் வாரண்டி முழுதும் ரத்து. இதைப் படித்ததும் எனக்கு மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார்.

வண்டி வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. மூன்றாம் கியர் போட்டால் உறுமும், நழுவும். பிரித்துப் பார்த்ததில் உள்ளே சிங்க்ரோ ரிங் தேய்ந்து பல்சக்கரம் கடித்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, அது பொருளில் உள்ள குறை. ஆனால் ஃபைலைப் புரட்டினால் 30,000-த்தில் வரவேண்டிய சர்வீஸுக்கு 31,600-ல் வந்திருக்கிறார். சீசன் நேரம், மண்டியை விட்டு நகர முடியவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ‘உரிய காலத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்று எழுதி முத்திரை குத்தினேன். அவர் சத்தம் போடவில்லை. “ஏனுங்க தம்பி, லேட்டா மாத்துனது இன்ஜின் ஆயிலுங்க. கெட்டது கியர்பாக்ஸுங்க. அந்த ஆயிலு இதுக்குள்ள வர்றதே இல்லைங்களே, அப்பறம் எப்படிங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேலேயும் ஒன்றும் நடக்கவில்லை. சொந்தக் காசில் சரிசெய்துகொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த மேசையில் இருந்தேன். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

ஆகவே நீங்கள் ஷோரூமில் கேட்க வேண்டியது: “ஒரு சர்வீஸ் தள்ளிப்போனா, அதனால கெட்ட பாகத்துக்கு மட்டும் வாரண்டி போகுமா, முழுசும் போகுமா?” நியாயமான ஒப்பந்தத்தில் அந்தப் பாகத்துக்கு மட்டும்தான் போகும். முழுதும் போகும் என்றால், நீங்கள் தவறும் நாளுக்காகக் காத்திருக்கிற காகிதம் அது.

நீங்கள் தவறுவீர்கள். குறையாகச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். மாதம் 1,700 என்றால் வருடத்துக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல். 5,000-க்கு ஒன்று என்றால் வருடத்துக்கு நாலு சர்வீஸ். தாராபுரத்திலிருந்து குண்டடம், பல்லடம் வழியாகக் கோயம்புத்தூர் போக எண்பது கிலோமீட்டர்; போய்வர 160; நாலு தடவைக்கு 640. லிட்டருக்கு 14 என்று வைத்தாலும் டீசலுக்கு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போகும். உங்களுக்குப் பள்ளிக்கூடம், அவருக்குக் கொப்பரை ஏலம். அங்கே ஒரு சர்வீஸுக்குத் தாராபுரத்து ஒர்க் ஷாப்பைவிட மூவாயிரம் கூடுதலாக வாங்கினார்கள் என்று வையுங்கள். அதில் ஒரு 12,000. ஆக, வருடத்துக்கு 16,000. ஐந்து வருடத்தில் 80,000, ஆரம்பத்தில் கட்டிய 32,000 போக. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு என் ஒர்க் ஷாப்பில் ஒரு டர்போவும் மாற்றி, மிச்சத்தில் கிளட்ச்சும் மாற்றிக் கொடுப்பேன். இது விளம்பரம் அல்ல, என் கடைப் பெயரையே நான் சொல்லவில்லை பாருங்கள்.

ஷோரூம்காரருக்கு இதில் என்ன லாபம் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். கார் விற்பதில் ஒரு தடவை காசு. சர்வீஸுக்கு வரவைத்தால் வருடத்துக்கு நாலு தடவை. முதல் வருடம் எல்லாரும் வருவார்கள். அப்புறம் ஒரு நோம்பி, ஒரு கல்யாணம், ஒறம்பரை வீட்டில் ஒரு காரியம் என்று ஒரு சர்வீஸ் தள்ளிப்போகும். கொஞ்சப் பேர் வண்டியையே விற்றுவிடுவார்கள். நோட்டீஸின் ஆறாவது வரிப்படி கை மாறினால் வாரண்டி போச்சு. கடைசி வரைக்கும் ஒரு சர்வீஸும் தவறாமல், வண்டியும் மாற்றாமல், அவர்கள் பட்டியலில் உள்ள பாகமே உடைந்து வந்து நிற்கிறவர் எத்தனை பேர் இருப்பார்? அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றால், ஆயுள் முழுக்க என்று எழுத யாருக்கும் கை நடுங்காது.

சில டீலர்கள் இதை நேர்மையாகவும் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தான் விற்கும் வண்டிக்கு ஆறு மாதம், 7,500 கிலோமீட்டர் என்றுதான் எழுதுவார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத அளவு. ஆனால் இன்ஜெக்டரும் டர்போவும் உள்ளே இருக்கும், எங்கே வேண்டுமானாலும் எண்ணெய் மாற்றிக்கொண்டு பில்லை மட்டும் காட்டினால் போதும். எனக்கு அந்த ஆறு மாதம் இந்த ஆயுள் முழுவதையும் விடப் பெரிது. வாங்கின வண்டியில் மறைத்து வைத்த குறை இருந்தால் பெரும்பாலும் அந்த ஆறு மாதத்துக்குள்தான் தலைகாட்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. நான் வக்கீல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மக்களைத் தவறாக எண்ண வைக்கும் வாரண்டியையும், நிறைவேற்றும் வாய்ப்பே இல்லாத வாரண்டியையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். நோட்டீஸின் அடியில் ‘கோயம்புத்தூர் எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சடித்திருந்தாலும், குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்களுக்குத் திருப்பூர். வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். ‘நிறுவனத்தின் முடிவே இறுதியானது’ என்ற கடைசி வரியைக் கண்டு பயப்பட வேண்டாம், அது ஆணையத்தின் வாயை மூடாது. ஆனால் அங்கே பேசப்போவது காகிதம்தான். பையன் வாயால் சொன்னது காற்றில் போய்விடும். ‘வண்டி இருக்கிற வரைக்கும்’ என்று அவனை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் பத்திரப்படுத்துங்கள். அனுப்பத் தயங்கினால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பேரம் அவருக்குக் கைவந்ததாக இருக்கும். “வாரண்டி வேண்டாமுங்க, அந்த முப்பத்திரண்டாயிரத்தை வண்டி விலையில குறைச்சுப்போடுங்க” என்று கேட்கட்டும். ‘வாரண்டிக்கு எங்களுக்கே அவ்வளவு செலவாகுதுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உடனே இருபதோ இருபத்தைந்தோ குறைக்க வந்தால், அந்தக் காகிதம் அவர்களுக்கு எவ்வளவு அடக்கம் என்று தெரிந்துவிடும். அப்படிக் குறைத்து வாங்கிய பணத்தைத் தபால் நிலையத்தில் தனியாகப் போட்டு வையுங்கள். டர்போ போனால் யாரையும் கேட்காமல் எடுக்கலாம்.

எந்த நிலையில் என் மனம் மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நிற்கும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் பாலிசி நம்பரும் ஒப்பந்தத்தில் வரட்டும். ஜி.எஸ்.டி. பில் கொடுக்கும் எந்த ஒர்க் ஷாப்பிலும், தாராபுரத்திலேயே, சர்வீஸ் செய்யலாம் என்று எழுதட்டும். தகராறு வந்தால் வண்டியைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர் தரும் அறிக்கையை ஏற்போம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். மூன்றும் எழுத்தில் வந்தால் 32,000 கொடுக்கலாம். ஒப்பந்த முழுப் புத்தகம் டெலிவரிக்கு அப்புறம்தான் வரும் என்று சொன்னால், அட்வான்ஸும் அப்புறம்தான் வரும் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றும் பணம் வாங்காமல், வேறு நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தால் வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். அதை நம்பி வண்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

வண்டியை வண்டிக்காக வாங்க வேண்டும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் உங்கள் மாமனார் மாடு பிடித்திருந்தால், பல்லைப் பார்க்காமல் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசியிருக்க மாட்டார். இங்கே பல்லுக்குப் பதில் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பழைய ரெக்கார்டு. சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டால் கிலோமீட்டர் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை, ஸ்கேன் கருவியோடு, ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

போகிறபோது ஷோரூமுக்குச் சொல்லாமல், கடை திறக்கிற நேரத்துக்குப் போங்கள். வண்டியைக் காட்டினதும் யாரும் சாவியைத் தொடும் முன் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் தடவை எப்படிப் பிடிக்கிறது, என்ன சத்தம், என்ன புகை என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். கை வைத்தால் சூடாக இருக்கிறது, உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். “டிபன் சாப்பிட்டுப்போட்டு மூணு மணி நேரம் கழிச்சு வர்றோமுங்க, அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு, மாமனாரை மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.